மௌனத்தில் ஏறிய சப்பரம்

எண்பதுகளின் நடுவில், ஏரியூர்ப் பக்கம் எங்கள் ஊரில் நாங்கள் மூன்று பேர் ஒரு பேண்டு வைத்திருந்தோம். நான் கிட்டார். கல்யாண ஊர்வலங்களில் ஊதிக்கொண்டிருந்த நண்பன் சாக்ஸபோன். என் பெரியப்பா மகன் டிரம்ஸ். பெங்களூரிலிருந்து வந்த கேசட்டுகளைக் கேட்டுக் கெட்டுப்போனவர்கள். ஜாஸையும் ஹெவி மெட்டலையும் கலந்து, சுற்றுக்கு ஏழு தட்டு வருகிற ஒரு உருப்படியைக் கட்டியிருந்தோம். நடுவில் மூவரும் சட்டென்று நிறுத்தி, ஒரு சுற்று முழுக்க மனதுக்குள் எண்ணி, மறுபடி இடி மாதிரி விழ வேண்டும். அந்த மௌனத்தில்தான் எங்கள் கர்வமெல்லாம் இருந்தது.

கிட்டாரை உறும வைக்கும் ஆம்ப்ளிஃபயர் மாதா கோயிலுடையது. மாதா திருவிழாவில், சப்பரம் கிளம்புவதற்கு முன் வாசிக்க அனுமதி கொடுத்தபோதே ஃபாதர் சொல்லிவிட்டார்: "ஏதாச்சும் கோளாறு ஆச்சுன்னா பொட்டி அன்னிக்கே கோயிலுக்கு வந்துடணும்." அது போனால் பேண்டும் போயிற்று.

பாதிவரை நன்றாகத்தான் போனது. மௌனம் வந்தது. எண்ணத் தொடங்கினேன்.

எங்கள் ஊரில் வாத்தியம் நின்றால் சப்பரத்தைத் தூக்க வேண்டும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஓசை அடங்குவதுதான் உத்தரவு. பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம். ஏழு தட்டு மும்முரத்தில் மூன்று மடையர்களுக்கும் அது உறைக்கவில்லை.

எண்ணி முடிப்பதற்குள் மாதா தோள்களுக்கு மேலே ஏறிவிட்டாள். மூவரும் இடியாக விழுந்தோம். தூக்கியவர்கள் திடுக்கிட்டு, பழக்கத்தில் தாளத்துக்கு அடி வைத்தார்கள். ஏழில் எப்படி நடப்பது? முன்னால் வலது கால் என்றால் பின்னால் இடது. சப்பரம் எங்கள் பக்கமாகச் சாய்ந்தது. நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் என் விரல்கள் ஏழு தட்டையே வாசித்துக்கொண்டிருந்தன.

"நாலுக்கு வாடா," என்று டிரம்ஸிலிருந்து குரல் வந்தது. அவன் ஏழு தட்டை உதறிவிட்டு, நாலு தட்டுக் கல்யாண ஊர்வல அடியை அடிக்க ஆரம்பித்திருந்தான். நாங்களும் விழுந்தடித்து அவன் பின்னால் போனோம். கால்கள் ஒன்று சேர்ந்தன. மாதா நிமிர்ந்து தெருவுக்குள் போனாள். எனக்கு நிம்மதியைவிட ஆத்திரம்தான் வந்தது, அவன்மேல்.

ஊர்வலம் திரும்பியதும் ஃபாதர் மேடைக்கு வந்தார்.

"பொட்டி உங்ககிட்டயே இருக்கட்டும்பா. கடைசில ஒண்ணு வாசிச்சீங்களே, அதுதான் நல்லா இருந்துச்சு. இனிமே அதையே வாசிங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் என் பெரியப்பா மகன், "சரிங்க ஃபாதர்," என்று சொல்லிவிட்டான்.