மணியம் சொன்ன ஏழு

நம்பமாட்டீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், என்றைக்கு, எத்தனை மணிக்கு, கூட யார் இருந்தார்கள் என்று கேட்டே வாயை அடைக்கிற ஆள் நான். என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஏழு பேர் ஞாயிறுதோறும் மலையேறுவோம். அன்று போனது அம்பாங் பக்கம் ஒரு சின்ன மலை. இறங்கும் பாதை ஐந்து இடங்களில் ஓடையைக் கடக்கும். காட்டுக்குள் பேர் சொல்லிக் கத்தக்கூடாது என்பது இங்கே மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லா இனத்தாரும் காக்கிற வழக்கம். அதனால் ஒவ்வொரு ஓடையைத் தாண்டியதும் அவரவர் எண்ணை வரிசையாக உரக்கச் சொல்வோம், நான் குனிந்தபடி நேரத்தோடு குறித்துக்கொள்வேன். கடைசியாக வருபவன் மணியம், என் பள்ளித் தோழன், போர்ட் கிள்ளான் துறைமுகத்துக்கு லோரி ஓட்டுபவன். அவன் எண் ஏழு.

மூன்றாவது ஓடையில் ஏழு. நான்காவதில், பன்னிரண்டு பத்துக்கு, ஏழு. ஐந்தாவதில், பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு, ஏழு. மணியத்தின் அதே கரகரத்த குரல். "ஏழு லா! சீக்கிரம் நடங்கடா, பசிக்குது" என்றுகூடச் சொன்னான், எனக்கு முன்னால் நின்ற சேகர் சிரித்தான்.

கார் நிறுத்திய இடத்துக்கு வந்து பார்த்தால் ஆறு பேர்தான்.

திரும்பி ஓடினோம். மூன்றாவது ஓடையில், அங்கே எண்ணி முடித்ததுமே காலில் போட்டிருந்த சப்பாத்தின் சேற்றைக் கழுவக் குனிந்து வழுக்கி, பாறை இடுக்கில் முழங்கால் நொறுங்கிக் கிடந்தான் மணியம். அங்கிருந்து அவன் நகரவே இல்லை.

அன்று சாயங்காலம் மற்ற ஐந்து பேரும் ஏழு கேட்டதாகச் சத்தியம் செய்தார்கள். மணியத்தால் இனி லோரி ஓட்ட முடியாது என்று தெரிந்த பிறகு, ஒருவருக்கும் ஒன்றும் ஞாபகமில்லை.

"நீங்கதானே பாஸ் எண்ணுனீங்க? நாங்க எங்க கவனிச்சோம்?" என்றான், நம்பினால் நம்புங்கள், சிரித்த அதே சேகர்.

மணியத்தின் மனைவி என்னை வாசலிலேயே நிறுத்தினாள். "ஆளப் பாக்காம எப்படிண்ணே எழுதுனீங்க?"

எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் கேட்டேன் என்பதுதான். பல மாதம் கழித்து ஒரு தடவை உள்ளே விட்டாள். மணியம் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உன் குரல் கேட்டதுடா, சத்தியமாகக் கேட்டது என்றேன்.

"கேக்காம? பக்கத்துல நின்னுதானடா எண்ணுனீங்க! ஆறு வரைக்கும் எல்லார் குரலும் கேட்டுச்சு. நான் ஏழு, ஏழுன்னு கத்துனேன். பாறைக்கு அந்தப் பக்கந்தான நின்னீங்க, ஒருத்தன் எட்டிப் பாக்கல. மூணு தடவ, விழுந்தப்புறம் மூணு தடவ எண்ணுனீங்க. கடைசித் தடவ நீ தனியா என் தலமாட்டுலயே நின்னு எண்ணிட்டுப் போனியேடா, பாவி."

டிவி சத்தத்தைக் கூட்டினான். இன்றுவரை என்னோடு பேசவில்லை.

அவன் விழுந்த பிறகு நாங்கள் எண்ணியது இரண்டே தடவை.