வரப்போரத்து மணை

அம்சத்தின் குரல் குத்தாலம் கடைத்தெரு வரைக்கும் கேட்கும் என்பார்கள். அது கொஞ்சம் மிகைதான். ஆனால் தியாகேசன் பண்ணையின் காரியக்காரர் இராஜாங்கம், அவள் குரல் எழும்பினால் குடையை மடக்கிக்கொண்டு அடுத்த வரப்புக்கு நகர்ந்துவிடுவார் என்பது உண்மை. நடவுக்கு இறங்கும் பெண்களுக்கு அம்சம்தான் தலைவி. யார் எந்த வயலில் இறங்குவது, எப்போது கரையேறுவது எல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். சரியான கோபக்காரி. சிரித்தால் அதைவிடச் சத்தம்.

அவளுக்குப் பிள்ளை இல்லை, புருஷனும் ஒட்டவில்லை. தாய் செத்தபோது பால்குடி மறக்காத தங்கை பொன்னுத்தாயை இடுப்பில் தூக்கியவள், அவளுக்கு மருதையனோடு கல்யாணம் முடிந்து தனிக் குடிசை போட்ட பிறகும் மனசால் கீழே இறக்கிவிடவில்லை. யாராவது பிள்ளைப் பேச்சு எடுத்தால், "அதான் ஒருத்திய வளத்து ஆளாக்கிட்டேனே, இன்னும் என்ன?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

அப்போது புதிய கட்சி ஆட்சிக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. விவசாயக் கூலிக்குச் சட்டமும் போட்டிருந்தார்கள். சட்டம் போட்டு என்ன, கூலி நெல்லை அளக்கிற மரக்கால் பண்ணையின் கையில்தானே இருந்தது! அந்தக் குறுவைக்குச் செங்கொடி சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. நாற்று முற்றிக்கொண்டே போனது. பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கப் பார்த்தது, தெருவில் போலீஸ் வந்து நின்றது. கடைசியில் தாலுகா ஆபீசில் பண்ணை, சங்கம், தாசில்தார் என்று மூன்று தரப்பாரும் உட்கார்ந்தார்கள். ஆண்கள் கூலி பேசி முடித்து எழுந்திருக்கப் போகிற நேரத்தில், கதவோரம் நின்றிருந்த அம்சம் குரல் கொடுத்தாள்.

"ஐயா, நான் ஒண்ணு கேக்கணும். வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு பொழுதுக்கும் சேத்துல குனிஞ்சு நிக்க முடியுங்களா? ஒங்க வீட்டுப் பொம்பளைங்கள அப்படி விடுவீங்களா? மாசமா இருக்கறவளுக்கு உக்காந்து செய்யற வேலையாக் குடுங்க. கூலில கை வைக்கக் கூடாது."

தியாகேசன் சிரித்தார். "நடவு வயல்ல உக்காந்து செய்யற வேலைக்கு நான் எங்க போறது?"

இராஜாங்கம் அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அவர் சொன்னது மருந்துக் குழியைப் பற்றி. ஆடுதுறைக் குட்டை ரகம் வந்ததிலிருந்து பூச்சியும் கூடவே வந்துவிட்டது. நடுவதற்கு முன்னால் நாற்றின் வேரை மருந்துத் தண்ணீரில் ஊறவைத்தால் பயிர் தப்பும் என்று விவசாய ஆபீசில் சொல்லியிருந்தார்கள். வயல் மூலையில் ஆழமில்லாத ஒரு குழி வெட்டி, மருந்தைக் கலக்கி, கட்டுக் கட்டாகக் கட்டிய நாற்று முடிகளை அதில் வரிசையாக நிறுத்திவைத்து, ஊறினதும் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு ஓர் ஆள் உட்கார வேண்டியிருந்தது. பண்ணைக்கு நஷ்டமில்லை. தியாகேசன் தலையாட்டினார்.

அன்றைக்குத் தெருவே கொண்டாடியது. கூலி கூடினதைவிட இதைத்தான் பெண்கள் பெரிதாகப் பேசினார்கள். தங்கள் தாய்மார் வயலிலேயே வலி கண்டு, வரப்பிலேயே பெற்றதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். மருந்துக் குழி ஓரத்தில் ஒரு பலகையைக் கொண்டுபோய்ப் போட்டு, அதற்கு 'மணை' என்றே பேர் வைத்துவிட்டார்கள். வளைகாப்புக்கு உட்காரவைப்பது போலத்தான் நடந்தது. முதல் நாள் உட்காருகிறவளுக்குக் கன்னத்தில் சந்தனம் தடவுவார்கள். மசக்கைக்கு ஆகும் என்று மாங்காயைக் கீற்றுப் போட்டு மடியில் கட்டிக் கொடுப்பார்கள். அவள் நாற்று முடியைப் புரட்டுவாள், ஈரக் கையோடு மாங்காயைக் கடிப்பாள், குனிந்து நடுகிறவர்களைப் பார்த்துக் கேலி பேசுவாள். "ராசாத்தி மாதிரி உக்காந்துட்டாடி!" என்று அவர்கள் பதிலுக்குச் சீண்டுவார்கள்.

அடுத்த வருஷம் பொன்னுத்தாய்க்கு நாள் தள்ளியது. அதே சமயம் காத்தாயி என்ற இன்னொருத்தியும் முழுகாமல் இருந்தாள். முறைப்படி பார்த்தால் மணை காத்தாயிக்குத்தான், அவளுக்குத்தான் மாசம் கூடுதல். அம்சம் கொஞ்சமும் கூசாமல் தங்கையைக் கொண்டுபோய் உட்காரவைத்தாள்.

காத்தாயி வயல் நடுவில் நின்று கத்தினாள். "ஒன் தங்கச்சி வயித்துல இருக்கறதுதான் புள்ளையா? என் வயித்துல இருக்கறது என்ன, கல்லா?"

"ஒனக்கு ஒடம்புல தெம்பு இருக்குடி. அது பூஞ்ச ஒடம்பு" என்றாள் அம்சம். காத்தாயி மண்ணை வாரித் தூற்றவில்லை, அவ்வளவுதான். குறுவை முழுக்கக் குனிந்தாள், தாளடிக்கும் குனிந்தாள். பொன்னுத்தாய் இரண்டு போகமும் மணையில் இருந்தாள்.

காத்தாயிக்குத் தை மாதம் ஆண் பிள்ளை பிறந்தது, கொழுகொழுவென்று. பொன்னுத்தாய்க்கு நாள் நிறைவதற்குள் வலி கண்டது. பிறந்த பெண் குழந்தை அழவில்லை. உதடு பிளந்திருந்தது. அம்சம் அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை ஆட்டிக்கொண்டே இருந்தாள். காத்தாயியின் வயிற்றெரிச்சல் என்றுதான் தெருவில் பேசிக்கொண்டார்கள். அம்சமும் அதைத்தான் நம்பினாள். காத்தாயி வீட்டு வாசலில் நின்று அவள் ஏசிய ஏச்சைக் காதுகொடுத்துக் கேட்க முடியாது.

அதற்குப் பிறகு மணையில் உட்கார்ந்தவர்களில் ஒருத்திக்குக் கரு கலைந்தது. இன்னொருத்திக்குக் குழந்தை பிறந்து, பால் உறிஞ்சத் தெம்பில்லாமல் போய்ச் சேர்ந்தது. கிரகணம் என்றார்கள், மூங்கில் தோப்பு முனி என்றார்கள். கோழி அறுத்துப் படைத்தார்கள்.

ஊருக்குப் பிரசவம் பார்க்கிற நர்ஸ் கமருன்னிஸா கூத்தாநல்லூர்க்காரி. நடவுக் காலத்தில் பெண்கள் சுகாதார நிலையத்துக்கு வரமாட்டார்கள் என்பதால் சத்து மாத்திரையைத் தூக்கிக்கொண்டு அவளே வயலுக்கு வருவாள், சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. அதற்கடுத்த நடவுக்கு அப்படி வந்தவள் குழியருகே மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பூண்டு அழுகினது போல ஒரு வாடை. மணையில் ஒருத்தி மாங்காய் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது? பூச்சி மருந்தா? இந்தக் கையோடவா அந்தப் பொண்ணு மாங்கா திங்குது?"

"வாய்க்கால்ல அலசிக்குவா. ஒண்ணும் ஆவாது" என்றாள் அம்சம்.

கமருன்னிஸா அவளைத் தனியே அழைத்துப் போனாள். தயங்கித் தயங்கித்தான் பேசினாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு யாரும் பாடத்துல இத சொல்லித் தரல. இதனாலதான்னு அடிச்சுச் சொல்லவும் என்னால முடியாது. ஆனா கொறையாப் போன புள்ளைங்க எல்லாம் யார் யாருதுன்னு கொஞ்சம் நெனச்சுப் பாருங்க. காத்தாயி எங்க நின்னு வேல செஞ்சா?"

"அவ சேத்துல நின்னு நட்டவ."

"மத்தவங்க?"

அம்சத்தின் குரல் எழும்பியது. "ஏம்மா, நான் சண்ட போட்டு வாங்கின எடம் அது! தாசில்தார் முன்னாடி நின்னு வாங்கினது. அதுல ஒக்காந்தா புள்ள சாவுமா? போம்மா, போயி ஒன் மாத்திரைய வேற எங்கயாவது குடு!" கமருன்னிஸா கண் கலங்கிப் போய்விட்டாள்.

விரட்டிவிட்டாளே தவிர, அந்தக் கேள்வி அம்சத்தை விடவில்லை. கஞ்சி குடிக்கும்போதும் கேட்டது, களை பறிக்கும்போதும் கேட்டது. பூச்சியைக் கொல்கிற மருந்து பூச்சியோடு நின்றுவிடும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. அவளாக நினைத்துக்கொண்டது. குனிவதுதான் கஷ்டம், உட்காருவதுதான் சுகம் என்று காலம் காலமாக முதுகு சொல்லிக் கொடுத்த கணக்கை வைத்துத்தான் அவள் அந்த இடத்தைக் கேட்டாள். எதன் பக்கத்தில் உட்காருகிறோம் என்று பார்க்கத் தோன்றவே இல்லை. பண்ணை சிரித்துக்கொண்டே தலையாட்டியபோதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? பண்ணைக்குத் தெரிந்திருந்ததா என்றால், அதுவும் இல்லை. அவர் வீட்டுப் பிள்ளைகளே காலி மருந்து டப்பாவில் செடி வளர்த்தார்கள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கோபம் முழுவதும் அவள்மேலேயே திரும்பியது. அடி பாவி, முறையை மாற்றித் தங்கையைக் கொண்டுபோய் உட்காரவைத்தாயே!

இதையெல்லாம் யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

அடுத்த ஆனி மாதம் காவிரியில் தண்ணீர் வந்தது. பொன்னுத்தாய்க்கு ஐந்து மாதம். நடவு தொடங்கும் அன்று காலையில் தலைகுளித்து, பூ வைத்துக்கொண்டு, மடியில் மாங்காயோடு அவள் நேரே மணைக்கு வந்தாள்.

"அக்கா, போன தடவ தங்கல. இந்தத் தடவ ஒரு நாள்கூடக் குனிய மாட்டேன். நடவு முடியற வரைக்கும் மணையிலயே இருந்துடுறேன்."

அம்சம் குறுக்கே போய் நின்றாள். "நீ ஒக்கார வேணாம்."

"ஏங்க்கா?"

"வேணாம்னா வேணாம். வீட்டுக்குப் போ."

"கூலி இல்லாம எப்படிப் போறது? அவரு கூலி மட்டும் எத்தன நாளைக்கு? ஒக்காராட்டி சேத்துலதான எறங்கணும்?" பொன்னுத்தாய்க்குக் குரல் உடைந்தது. "நான் பெத்துக்கறது ஒனக்குப் புடிக்கலியா? நீ பெறலன்னு நானும் பெறக் கூடாதா?"

வயலில் இறங்கியிருந்த பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். வேறு யாராவது அப்படிக் கேட்டிருந்தால் அம்சம் நாக்கைப் பிடுங்கியிருப்பாள். இப்போது வரப்பில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்கடி. அந்தக் குழி மருந்துதான் நம்ம புள்ளைங்கள எடுத்துருக்கும்னு தோணுது. நர்ஸம்மா போன வருசமே கேட்டுச்சு, நான் வெரட்டிட்டேன். நெசமா இல்லியான்னு யாருக்கும் தெரியாது. ஆனா அதுல ஒக்காந்தவளுக்குத்தான் போயிருக்கு. அத வாங்கிக் குடுத்தவ நான். காத்தாயிய ஒதுக்கிட்டு இவள ஒக்கார வச்சவளும் நான்தான். அவ வயித்தெரிச்சல்னு ஊரக் கூட்டி ஏசினேனே, பாவி!"

பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். பொன்னுத்தாய் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்காவையே பார்த்தாள். "அப்ப என் மொதப் புள்ள..." என்று தொடங்கியவள் முடிக்கவில்லை.

குடையோடு இராஜாங்கம் வந்தார். "என்ன அம்சம், நீ கேட்ட வேலதான? இப்ப வேணாங்கற? நாத்து காயுது. குழில ஒக்காரு, இல்ல குனிஞ்சு நடு. வேற வேல பண்ணையில கெடையாது."

மருந்தை நிறுத்தச் சொல்லிப் பார்த்தாள். பயிரைப் பூச்சி தின்றால் அறுப்புக்கூலி யார் தருவது என்று அவர் கேட்டார். காத்தாயிதான் சேற்றைக் கையால் வழித்துவிட்டுப் பேசினாள். அம்சத்தின் பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை.

"பொன்னுத்தாயி வரப்புல நெழல்ல ஒக்காரட்டும். அவ பங்க நாங்க சேத்து நடுறோம். பண்ணைக்கு நட்டு முடியணும், அவ்ளோதான?"

மற்ற பெண்களும் ஆமாம் என்றார்கள். அப்படியானால் குழிக்கு யார் என்று இராஜாங்கம் கேட்டார். அம்சம் மணையை எடுத்துத் தூர எறிந்துவிட்டு, வெறும் சேற்றில் குழியோரம் குந்தினாள். "நான் இருக்கேன். எனக்கு எல்லாம் நின்னு போச்சு. இங்க கெட்டுப்போக ஒண்ணுமில்ல" என்றாள்.

அது அவள் நினைப்பு. அந்தக் குழியோரத்தில் அவள் பல போகம் உட்கார்ந்தாள். வெகுகாலம் கழித்து அவளுடைய கழுத்திலும் அக்குளிலும் கட்டிகள் வந்தன. தஞ்சாவூரில் பெரிய டாக்டர் புற்றுநோய் என்றார். வெற்றிலை போடுவாயா, புகையிலை உண்டா என்று கேட்டார். இரண்டும் உண்டு என்றாள். மருந்துக் குழியைப் பற்றிச் சொன்னதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இருக்கலாம், ஆனால் ஒருத்தருக்கு எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாதம்மா என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த மருந்து எவ்வளவு உடம்பில் ஏறியது என்று பார்க்க அன்றைக்கு யார் இருந்தார்கள்?

அதெல்லாம் பின்னால் நடந்தது. அந்த வருஷம் அவளுடைய கவலை ஒன்றே ஒன்றுதான்: பொன்னுத்தாயின் பிள்ளை. பொன்னுத்தாய் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். வரப்பு நிழலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுடைய பங்கைக் காத்தாயி குனிந்து நடுவாள். அம்சம் நாற்று முடியைப் புரட்டிக்கொண்டே தங்கையின் வயிறு வளர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கிட்டே போகமாட்டாள். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் கையில் அந்த வாடை இருந்தது. தங்கைக்குக் குழம்பு கொடுத்தனுப்ப நினைத்தால்கூடச் சாமானை வாங்கிக் கொடுத்து, வைக்கிற வேலையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விட்டுவிடுவாள்.

ஐப்பசி அடைமழையில் தாளடி நடவு நடந்துகொண்டிருந்தது. உச்சி நேரத்தில் மருதையன் வரப்பு வழியே ஓடிவந்து, வலி கண்டுவிட்டது, நர்ஸம்மா வந்தாயிற்று என்று சொன்னான். அம்சம் குழியை விட்டுப் போட்டது போட்டபடி ஓடினாள். குடிசை வாசலில் மழையில் நின்றாள். உள்ளே போகவில்லை. காத்தாயியும் பின்னாலேயே வந்து நின்றாள்.

உள்ளேயிருந்து சத்தமே இல்லை. அம்சம் கூரை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஓர் அழுகை வந்தது, ஓங்கி, தெருவைக் கூட்டுகிற அழுகை. கமருன்னிஸா எட்டிப் பார்த்து, "பொண்ணு. நல்லாருக்கு அக்கா, எல்லாம் நல்லாருக்கு" என்றாள்.

"ஒதடு?"

"நல்லாருக்குக்கா."

உள்ளேயிருந்து பொன்னுத்தாயின் குரல் வந்தது. அத்தனை மாதம் கழித்து முதல் பேச்சு. "அக்காவ உள்ள வரச் சொல்லுங்க."

அம்சம் கதவுக்கு உள்ளே ஓரடி வைத்து நின்றாள். பொன்னுத்தாய் குழந்தையை இரு கையாலும் நீட்டினாள். "புடி."

அம்சம் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணான்டி. கையி நாறுது. குழிலேருந்து நேரா வர்றேன்."

பொன்னுத்தாய் அவளையும் மறைந்திருந்த கைகளையும் பார்த்தாள்.

"சரி, கைய பின்னாலயே வச்சுக்க. குனி."

அம்சம் கையைக் கட்டியபடியே குனிந்தாள். பொன்னுத்தாய் குழந்தையைத் தூக்கி, அதன் முகத்தை அக்காவின் கன்னத்தில் வைத்தாள்.