சப்போர்ட் டீம் என்று ஒருத்தி

எங்கள் கம்பெனியில் சப்போர்ட் டீம் என்று ஒன்று இருந்தது. டீம் என்றால் நான் மட்டும்தான். பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு வங்கிக்கு மேலே இருந்த இரண்டு மாடிகளில் அலுவலகம். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பார்கள். எழுதுகிறவர்களின் கணினிகள் ஓட வேண்டும், மின்னஞ்சல் ஒழுங்காகப் போய் வர வேண்டும். அதற்கு நான். இரண்டாயிரங்களின் தொடக்க வருடங்கள் அவை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். அப்பா ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினார். அம்மா வீட்டு வேலைக்குப் போனாள். ஒக்கலிபுரத்தில் ஒரே அறை. அந்த அறையில் இருந்து படித்துத்தான் கம்ப்யூட்டரில் பட்டம் வாங்கினேன். இதைப் பணிவாகச் சொல்ல எனக்கு வராது. வாங்கினேன், நல்ல மார்க்கில் வாங்கினேன்.

மேனேஜர் தலைமுறை தலைமுறையாக மல்லேஸ்வரத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஒரு வாக்கியத்தைக் கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பார். நான் சேர்ந்த அன்று, "எந்த ஏரியாம்மா?" என்று கேட்டார். சொன்னேன்.

"ஓ, ஸ்டேஷன் பின்னாடி."

அன்றிலிருந்து அவருக்கு நான் 'நீ'. என்னுடன் அதே நாளில் ட்ரெய்னியாகச் சேர்ந்த, என்னைவிட இளையவனான புரோகிராமர் 'நீங்க'.

மின்னஞ்சலின் அடியில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் பெயர், பதவி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் சேர்த்து சிக்னேச்சர் என்பார்கள். ஒவ்வொருவரின் கணினியிலும் அதை அமைத்துக் கொடுப்பது என் வேலை. என் கணினியில் என் பெயரைப் போட்டேன். பட்டச் சான்றிதழில் இருப்பது போலவே முன்னால் அப்பாவின் இனிஷியல், பிறகு பெயர். மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"ட்ரெய்னிக்கெல்லாம் பேர் கெடையாதும்மா. சப்போர்ட் டீம்னு போடு."

"டீம்ல நான் மட்டும்தான சார் இருக்கேன்?"

"அதுக்கு? கன்ஃபர்ம் ஆகட்டும், அப்புறம் பாக்கலாம்."

"என்கூட சேந்தவருக்குப் பேர் இருக்கே சார்."

"அவர் கிளையன்ட்டோட பேசறவர். நீ மெஷின் பாக்கறவ."

எடுத்துவிட்டேன். அன்றைக்கு எடுத்த பெயரை மறுபடி அங்கே வைப்பது தவிர வேறு எதுவும் எனக்கு அந்த ஆபீஸில் வேண்டியிருக்கவில்லை. சம்பளத்தைக் கூட இவ்வளவு நினைத்ததில்லை.

வேலை எனக்குப் பிடித்திருந்தது. யாராவது புதிதாக ஒரு பிரௌசரைப் போட்டுப் பார்த்துவிட்டு அழித்துவிடுவார்கள். அதன் பிறகு மின்னஞ்சலில் இருக்கும் லிங்க்கை எத்தனை அமுக்கினாலும் திறக்காது. அதை எதில் திறப்பது என்பது கணினிக்கு மறந்து போயிருக்கும், மறுபடி சொல்லிக் கொடுக்க வேண்டும். கணக்குப் பிரிவில் இருந்த அக்கா வாரத்துக்கு ஒருமுறை கூப்பிடுவார்.

"இத அமுக்குனா சும்னே நிக்குதும்மா. பெரிய பேஜாரு."

"நீங்க எதையோ அழிச்சிருக்கீங்க அக்கா."

"ஏசப்பா சத்தியமா மௌஸைத் தவிர நான் எதையும் தொடல."

இப்படி வரும் கோளாறுகளை எப்படித் தாங்களே சரிசெய்துகொள்வது என்று எளிதாக எழுதி எல்லாருக்கும் அனுப்புவேன். அடியில் சப்போர்ட் டீம். ஒருநாள் டைரக்டர் எங்கள் பக்கமாக வந்தபோது, "அந்த மெயில்கள் தெளிவாக இருக்கின்றன, யார் எழுதுவது?" என்று மேனேஜரிடம் ஆங்கிலத்தில் கேட்டார். நான் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "நம்ம டீம்தான் சார்," என்றார் மேனேஜர். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

பிறகு ஒரு நாள் அவரே உட்கார்ந்து கம்பெனி முழுமைக்கும் ஒரே மாதிரி சிக்னேச்சர் ஒன்று தயாரித்தார். கம்பெனி முத்திரை படமாக வரும். அதன் கீழே எங்கள் இணையதள முகவரி நீல நிறத்தில், அமுக்கினால் திறக்கும். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். படம் வந்தது. லிங்க் திறந்தது.

"எல்லா மெஷின்லயும் இதயே போட்டுடு."

"வேற ஒரு மெஷின்ல அனுப்பிப் பாத்துட்டுப் போடலாமா சார்?"

"என் மெஷின்ல வருதுல்ல? அப்புறம் என்ன? எல்லாத்தையும் சந்தேகப்படாத."

போட்டேன். இரண்டாம் நாள் எங்கள் பெரிய வெளிநாட்டுக் கிளையன்ட்டிடமிருந்து டைரக்டருக்கு மின்னஞ்சல் வந்தது. உங்கள் ஆட்கள் எழுதும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் ஒரு வெள்ளைப் பெட்டி, அதற்குள் சிவப்புப் பெருக்கல் குறி. கம்பெனி லிங்க்கை அமுக்கினால் பக்கம் இல்லை என்கிறது. மென்பொருள் எழுதுகிற கம்பெனிதானே நீங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

எல்லாரையும் ஒரே அறையில் கூட்டினார்கள். டைரக்டர் யார் பொறுப்பு என்று கேட்டு முடிப்பதற்குள் மேனேஜர் சொன்னார்: "சப்போர்ட்ல போட்டது சார். நான் கரெக்டா குடுத்தேன். என் மெஷின்ல இப்பவும் வருது, வந்து பாருங்க." டைரக்டர் போய்ப் பார்த்தார். வந்தது. வராமல் என்ன செய்யும்?

நான் கணக்கு அக்காவின் கணினிக்குப் போய் அந்த சிக்னேச்சரின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து பார்த்தேன். முத்திரைப் படம் கடிதத்தோடு போகவே இல்லை. மேனேஜரின் கணினியில் இன்ன இடத்தில் இருக்கிறது, போய் எடுத்துக்கொள் என்றுதான் இருந்தது. லிங்க்கும் அப்படியே. வெளியே தெரிந்த எழுத்து இணையதள முகவரி. உள்ளே அது காட்டிய இடம், அவர் தன் கணினியில் சேமித்து வைத்திருந்த பக்கம். உலகத்தில் அது திறக்கக்கூடிய ஒரே இடம் அவர் மேஜைதான். அமெரிக்காவில் இருக்கிறவன் மல்லேஸ்வரத்துக்கு வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தால்தான் படம் தெரியும்.

மேஜை மேஜையாகப் போய்ச் சரிசெய்தேன். லிங்க்குக்கு உண்மையான முகவரி. படம் கடிதத்தோடு சேர்ந்தே போகும்படி ஒரு மாற்றம். வெளியே இருக்கும் என் சொந்த மின்னஞ்சல் முகவரிக்கு ஒவ்வொரு கணினியிலிருந்தும் அனுப்பி, வந்து சேர்ந்ததை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே அடுத்த மேஜை. மேனேஜரின் கணினியையும் சரிசெய்தேன். நான் முடிக்கும்வரை நின்றுகொண்டே போனில் பேசிக்கொண்டிருந்தார்.

மாலையில் அவர் அனுப்பிய மின்னஞ்சல் வந்தது. கிளையன்ட்டுக்கு, நகல் டைரக்டருக்கும் எங்கள் எல்லாருக்கும். 'எங்கள் சப்போர்ட் டீம் செய்த தவறால் இது நேர்ந்தது. நான் தலையிட்டுச் சரிசெய்துவிட்டேன். டீம் எச்சரிக்கப்பட்டுள்ளது.' அடியில் பளபளவென்று படம், நீல லிங்க், அவருடைய முழுப்பெயர்.

படித்ததும் என் காது சுட்டது. என் வேலைக்குப் பாராட்டு வாங்கியதும் டீம்தான், அவர் தவறைச் சுமந்ததும் டீம்தான். நல்லதற்கும் கெட்டதற்கும் என்னை மறைக்க ஒரே துணி. கன்ஃபர்மேஷன் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது, பொய் சொல்ல மாட்டேன். எச்சரிக்கப்பட்ட ஒருத்தியை எவன் கன்ஃபர்ம் செய்வான் என்ற நினைப்பு அடுத்து வந்தது.

சிக்னேச்சர் அமைக்கும் இடத்துக்குப் போனேன். சப்போர்ட் டீம் என்பதை அழித்தேன். இனிஷியலும் பெயரும் போட்டேன். எல்லாருக்கும் பதில் எழுதினேன், கிளையன்ட் உட்பட. படம் எங்கே இருந்தது, லிங்க் எந்தக் கணினியைக் காட்டியது, அந்தக் கணினியில் மட்டும் ஏன் சரியாக வந்தது, இப்போது என்ன மாற்றியிருக்கிறேன். குற்றம் என்ற சொல்லே அதில் இல்லை. கணினி யாருடையது என்பது இருந்தது. இரண்டு முறை படித்துப் பிழை பார்த்து அனுப்பினேன்.

கணக்கு அக்கா நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். "ஏய், இது எல்லாருக்கும் போயிருச்சும்மா. தப்பா அமுக்கிட்டியா?"

"இல்லக்கா. சரியாத்தான் அமுக்குனேன்."

காலையில் கிளையன்ட்டின் பதில் வந்திருந்தது. இப்போது எல்லாம் சரியாகத் தெரிகிறது, விளக்கத்துக்கு நன்றி என்று. 'அன்புள்ள' என்பதை அடுத்து ஒரே ஓர் எழுத்து, என் இனிஷியல். முன்னால் வருவதுதான் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். மேனேஜர் அதை அச்செடுத்து என் மேஜைக்குக் கொண்டுவந்தார்.

"பாத்தியா? உன் பேரே அவனுக்குத் தெரியல. இதுக்குத்தான் இவ்வளவு ஆட்டமா?"

"அது எங்கப்பா சார்."

"என்ன?"

"அந்த எழுத்து எங்கப்பா பேரு. நன்றிய அவர்கிட்ட சொல்லிடறேன்."

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்து இருமலாக மாற்றிக்கொண்டார்கள். மேனேஜர் முகம் மாறியது. "யாரக் கேட்டுப் பேர் போட்ட? இப்பவே எடு."

"எழுதுனது நான் சார். நான் எடுக்க மாட்டேன். வேணும்னா நீங்க எடுத்துக்கங்க."

எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டேன். உட்கார்ந்தார். ஒரு மெனுவைத் திறந்தார், மூடினார். இன்னொன்றைத் திறந்தார். எழுத்தின் அளவு மாறியது, திரையின் மேலே இருந்த ஒரு பட்டை காணாமல் போயிற்று. பெயர் மட்டும் போகவில்லை. தன் சிக்னேச்சரைக் கூட அவர் ஒருபோதும் தானே அமைத்ததில்லை. தயாரித்ததோடு சரி, உள்ளே வைத்தது நான்.

"எங்க இருக்கு இது?" என்றார், திரையைப் பார்த்தபடியே.

அந்த இடம் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். சொல்லவில்லை.

"நாளைக்குள்ள போயிருக்கணும்," என்று எழுந்து போனார்.

போகவில்லை. அவர் மறுபடி கேட்கவும் இல்லை, டைரக்டர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. கன்ஃபர்மேஷனைத் தள்ளிப்போட்டார்கள், காரணம், நடத்தை. புரோகிராமர் பையனுக்கு வந்துவிட்டது. எனக்கு வந்தபோது நான் வேறு இடத்தில் வேலை தேடிக்கொண்டிருந்தேன். அதுவரை அந்த ஆபீஸிலிருந்து நான் அனுப்பிய எல்லாவற்றின் அடியிலும் அப்பாவின் எழுத்தும் என் பெயரும் இருந்தன, ட்ரெய்னி என்ற பதவியோடு.

இன்றைக்கும் எங்கிருந்தாவது சப்போர்ட் டீம் என்று முடியும் கடிதம் வந்தால் எனக்கு அதே காது சுடுகிறது. கோளாறு சரியாகிவிட்டிருந்தாலும் பதில் எழுதுகிறேன்: இதைச் சரிசெய்தவர் பெயர் என்ன? பெரும்பாலும், உங்கள் கேள்வி டீமுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்றுதான் பதில் வருகிறது. மறுபடி கேட்கிறேன்.