"கை வெளியிலயா?" என்று கேட்ட காலம்

உப்புக்காற்றும் கிரீசும் கலந்த அந்த மணம்... திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஐஸ் பெக்டரியில் வேலை செய்தவனுக்கு அது மூக்கை விட்டுப் போகாது.

கடல் தண்ணீரை இழுத்து மெஷினைக் குளிர வைக்க எங்களிடம் இரண்டு பெரிய பம்ப். ஒன்று ஓடும்போது மற்றதைத் தயார் செய்வோம். பம்ப் கீழே குழிக்குள், சுவிட்ச் மேலே சுவருக்கு அந்தப் பக்கம். கீழே நசீர், மேலே நான். இருவருக்கும் ஒரே வயது. அவன் மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் வருவான். அவன் சோற்றுப் பார்சலில் பாதி எனக்குத்தான்.

அவன் தயார் செய்கிற அழகே தனி. உறிஞ்சுகிற பக்கத்து வால்வை முழுதாகத் திறந்து, பம்புக்குள் தண்ணீர் நிரப்பி, காற்று போய் முடியுமட்டும் காத்து நிற்பான். வெறுமையாக ஓடினால் சீல் எரிந்துவிடும். பிறகு பம்பைச் சுற்ற வைக்கிற தண்டின் மூடியைக் கழற்றி, கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டுவான். தண்ணீர் வெளியே போகிற பக்கத்து வால்வை மூடி வைப்பான். பம்ப் ஓடத் தொடங்கிய பிறகுதான் அதை மெல்ல மெல்லத் திறப்பது.

சுவிட்ச் போட முன்னம் நான் கத்துவேன்.

"கை வெளியிலயா?"

"வெளியில! போடு!"

பதில் வராமல் நான் சுவிட்சைத் தொட்டதே இல்லை.

இரைச்சலுக்குக் காது மூடி தந்திருந்தார்கள். நசீர் போடவே மாட்டான். "அதைப் போட்டா நீ கூப்பிடுறது எப்பிடிடா கேக்கும்?" என்பான்.

போகப் போக, நான் கேட்க முன்னமே அவன் பதில் வரத் தொடங்கியது. விளையாடுகிறான் என்று திட்டுவேன்.

ஒரு நாள் கேட்டேன்... பதில் இல்லை. இன்னொரு தரம் கத்தினேன். இல்லை.

இறங்கிப் போய்ப் பார்த்தால் மூடி கழற்றிக் கிடக்கிறது, அவனுடைய இரண்டு கையும் தண்டில். முதுகுக்குப் பின்னால் நின்று கத்தினேன். திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் திடுக்கிட்டு என் வாயையே பார்த்தான்.

வெளியே கூட்டிப்போய்க் காதோடு வாய் வைத்துச் சொன்னேன். "ஒருத்தருக்கும் சொல்லாத. நான் இறங்கி வந்து பாத்துட்டுத்தான் சுவிட்ச் போடுவன்."

"நீ லீவில நிக்கிற அண்டைக்கு?" என்றான். "வேற ஒருத்தன் நிப்பான் மச்சான். பதில் வராட்டியும் போட்டுருவான்."

அன்றைக்கே அவனே மேனேஜரிடம் போய்ச் சொன்னான். காது கேளாதவருக்கு இங்கே வேலை தர ஏலாது என்று அனுப்பிவிட்டார்கள். பின்னேர லோஞ்சில் ஏறினான். கையசைத்தான். நான் அங்கேயே நின்று அழுதேன்.

இப்போது நான் வேலை செய்கிற இடத்தில் பம்பைத் தொட முன்னம் சுவிட்சுக்குப் பூட்டுப் போடுவோம். அந்தப் பூட்டுக்கு ஒரே திறப்பு, அது குழிக்குள் இறங்குகிறவன் சட்டைப்பையில். யாரும் யாரையும் கூப்பிடத் தேவையில்லை. நல்லதுதான். இது அப்போதே வந்திருக்கலாமே என்று நினைத்தால்தான் நெஞ்சு வலிக்கிறது.

நசீருக்கு இப்போது பள்ளிவாசலில் பாங்கு சொல்வதுகூடக் கேட்பதில்லை. தொழுகை நேரம் என்று அவன் மனிசி கையைக் காட்டினால்தான் தெரியுமாம்.

போன கிழமை அந்தப் பூட்டைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். அவனிடமிருந்து வொய்ஸ் மெசேஜ் ஒன்று வந்தது. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. காது மூடியைக் கழற்றிவிட்டுக் கேட்டேன்.

"வெளியில! போடு!"

தன் குரல் தனக்கே கேட்காததால் அப்படியொரு சத்தம்.

"கை வெளியிலயா?" என்று நானும் கத்தினேன்... அவனுக்குக் கேட்காது என்று தெரிந்தும்.