சிறுகோளுக்கு வைக்காத பெயர்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே ஒரு கல் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை முதலில் பார்த்தவர் என் கணவர். அது சுமக்கும் பெயரோ வேறொருவருடையது. இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது. அந்த எரிச்சலில் பாதி மற்றவர்கள் மேல், மீதி என் மேலேயே.

அவருக்குப் பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மின்னணுச் சில்லுகளை உருப்பெருக்கியில் பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்க வேண்டும். அப்படி வேலை செய்கிறவர்கள் லீவு நாளிலாவது கண்ணுக்கு ஓய்வு கொடுப்பார்கள். இவர் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் தஞ்சோங் கிளிங்கில் எங்கள் தமிழ் ஆட்கள் நடத்தும் வானியல் கழகத்தில் அவர் உறுப்பினர். வெளிநாட்டுத் தொலைநோக்கி ஒன்று எடுத்த படங்கள் கழகத்துக்கு வரும். வானத்தின் ஒரே இடத்தைச் சில நிமிட இடைவெளியில் எடுத்த நான்கு படங்கள். மாற்றி மாற்றிப் போட்டால் நட்சத்திரமெல்லாம் அப்படியே நிற்கும். ஒரு புள்ளி மட்டும் நகர்ந்தால் அது சிறுகோளாக இருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இங்க வாயேன், இது நடக்குது பாரு" என்று கூப்பிட்டார். ஈரக் கையோடு போய்ப் பார்த்தேன்.

"மூட்டப்பூச்சி மாதிரி இருக்கு" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

கண்டுபிடித்ததும் பெயர் வைத்துவிட முடியாது. முதலில் ஆண்டையும் சில எழுத்துகளையும் சேர்த்து ஒரு தற்காலிகக் குறியீடு தருவார்கள். அதன் பாதை உறுதியாகப் பல வருடங்கள் பிடிக்கும். அதற்குப் பிறகு நிரந்தர எண். எண் வந்தால்தான் கண்டுபிடித்தவர்கள், எங்கள் விஷயத்தில் கழகம், ஒரு பெயரைச் சொல்லி, அது யார், என்ன பொருள் என்று இரண்டு வரி எழுதி அனுப்பலாம். "நம்ம புள்ளைக்கு முப்பதாம் நாளு பேரு வெச்சோம், இதுக்குப் பத்து வருஷம் ஆவும் போல" என்பார் அவர்.

எண் வருவதற்குள் அவர் போய்விட்டார். காலை ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போனவரை லாரி மோதியது.

சென்ற வருடம் எண் வந்தது. கழகத்தில் கூட்டம் போட்டு என்னையும் அழைத்தார்கள். பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். அவர் பெயரைத்தான் வைப்பார்கள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

தலைவர் எழுந்ததும் பேச்சு வேறு பக்கம் போனது. கழகத்துக்குப் புரொஜெக்டர் வாங்கித் தந்த ஒரு அரசியல்வாதி இருந்தார். அரசாங்கம் கொடுத்த பட்டத்தைச் சொல்லி எல்லாரும் அவரை டத்தோ என்பார்கள். அவர் பெயரை வைத்தால் அடுத்து கட்டடமும் கிடைக்கும் என்றார் தலைவர். கோயில் நாற்காலியின் முதுகில்கூட கொடுத்தவர் பெயரை எழுதிப் பழகிய கூட்டம் எங்களுடையது. வானத்தை மட்டும் விட்டுவைப்போமா?

பிறகு ஒப்புக்காக என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்க யாரு பேரயாச்சும் சொல்லணும்னா சொல்லுங்க லா."

நான் செலண்டார் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவள். புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது, சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். கிளினிக்கில் பெயர் கேட்டால் அவருடைய ஐசியை, அதாவது அடையாள அட்டையை, நீட்டுவேன். வீட்டில் "ஏங்க" என்பேன், வெளியே "பாப்பா அப்பா" என்பேன். முப்பது வருடம் அப்படியே ஓடிவிட்டது. ஆயுளே முடிந்தவருக்கு இனி எதைக் குறைப்பது என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

"எங்க வீட்டுக்காரர்..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை.

"அவரு போனது எங்களுக்கும் கஷ்டம்தான்க்கா. அழாதீங்க" என்றார் தலைவர். நான் அழவே இல்லை. யாரோ தண்ணீர் போத்தலைக் கையில் திணித்தார்கள். டத்தோவுக்குக் கை தூக்கச் சொன்னபோது எல்லாரும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.

பெயர்களைச் சரிபார்க்கும் சர்வதேசக் குழு அந்தப் பெயரைத் திருப்பி அனுப்பிவிட்டது. அரசியலால் பேர் பெற்றவர்கள் செத்து நூறு வருடமாவது ஆகியிருக்க வேண்டுமாம். விதிமுறையில் முதல் பக்கத்திலேயே இருந்ததை ஒருவரும் படிக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். மறுபடி கூட்டம் போடுவார்கள், இந்தத் தடவை பெயரைச் சீட்டில் எழுதிக் கொண்டுபோய் நீட்டிவிடலாம் என்று காத்திருந்தேன்.

மறுபடி கூட்டமே போடவில்லை. போன மாதம் மகள் கைப்பேசியில் சிறுகோள்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். தலைவருடைய அப்பாவின் பெயர். தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் தலைமைக் கிராணியாக நெடுங்காலம் இருந்து மக்களுக்கு வழிகாட்டியவர் என்று விளக்கம் வேறு. அந்த மனிதர் ஒருநாளாவது தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்திருப்பாரா? தலைவருக்குப் போன் செய்தேன். "அவசரமா கேட்டாங்கக்கா" என்றார். ஒருமுறை வைத்த பெயரை இனி மாற்ற மாட்டார்கள் என்றும் அவரே சொன்னார்.

"அன்னிக்கே நீங்க அப்பா பேரச் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் மகள்.

"புருஷன் பேர எப்படிடி வாயால சொல்றது?"

"ஆஸ்பத்திரி பிணவறையில சொன்னீங்களே மா."

சொன்னேன்தான். இவள் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். துணியை விலக்கிக் காட்டி, இது யார் என்று போலீஸ்காரர் கேட்டார். என் வீட்டுக்காரருடைய அப்பா பெயரையும் சேர்த்து, அவர் முழுப் பெயரை இரண்டு தடவை தெளிவாகச் சொன்னேன். நாக்கு தடுக்கவே இல்லை. அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று தெரியும். கூட்டத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். புருஷன் பேரை வைக்கச் சொல்லி இவளே கேட்கிறாள் பார் என்று சிரித்துவிடுவார்களோ என்று பயந்தேன். அன்று என் வாயைக் கட்டியது மரியாதையும் இல்லை, பழக்கமும் இல்லை. அந்தப் பயம்தான்.