காகம் எடுத்த ஈரல்

குருநகரில் தனியாக இருக்கும் சிசிலியா எதைச் சமைத்தாலும், ஒரு துளியை வாசற்படியில் வைத்து, எறும்பு மொய்த்த பிறகே சாப்பிடுவாள்.

ஆறு வருடங்களுக்கு முன், அவள் புருஷன் பவளப்பாறையருகே விரித்த வலையில் அழுங்காமை என்ற கடலாமை ஒன்று பட்டது. அதன் இறைச்சி சிலவேளை நஞ்சாக இருக்கும். ஈரலைக் காகம் தின்றால்தான் சமைப்பார்கள். கூரையில் வைத்த ஈரலைக் காகமொன்று தூக்கிக்கொண்டு பறந்தது.

"காகம் எடுத்திட்டுது. இனிப் பயமில்லை, அடுப்பை மூட்டும்" என்றார் புருஷன் அடைக்கலநாதன்.

தவக்கால வெள்ளியில் இறைச்சி ஆகாது என்று சிசிலியா அதைத் தொடவில்லை. அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் அவரைச் சேமக்காலையில் அடக்கிவிட்டுத் திரும்பியவள், முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனாள். கிணற்றுக் கட்டின்மேல் அந்த ஈரல் முழுசாகக் கிடந்தது. எறும்புச் சாரையொன்று, அதைத் தொடாமல் சுற்றி வளைந்து போய்க்கொண்டிருந்தது.