முன்னேற்றம் வேண்டாம் என்று வாங்கிய வீடு

கண்ணுகளா, இந்த வீட்டை நாம கட்டல. நாலாவது ஆளா வாங்கினோம். முன்னாடி இருந்த மூணு பேரைப் பத்தி புரோக்கர்தான் சொன்னார்: "முதல் ஓனர் அமெரிக்காவுல இருக்கற பையன்கிட்டயே போயிட்டாருங்க. அடுத்தவரு பெரிய பங்களா கட்டிட்டாருங்க. கடைசியா இருந்தவரு திருப்பூர்ல கம்பெனி போட்டுட்டாருங்க. இந்த ஊட்டுல இருந்தவங்க எல்லாருமே முன்னேறித்தானுங்க போனாங்க."

கோயமுத்தூர்ல விலைக்கு வர்ற வீடெல்லாம் இப்படித்தான். கஷ்டப்பட்டு வித்தவன்னு ஒருத்தன்கூடக் கிடையாது.

வசதிகளையும் அடுக்கினார். பள்ளிக்கூடம் பக்கம், ஆஸ்பத்திரி பக்கம், கல்யாண மண்டபம் பக்கம். பொய் இல்லை. முகம் தெரியாத மாப்பிள்ளைக்கு அங்கே மேளம் கொட்டினா இங்கே நாம எந்திரிச்சு உக்காந்துக்கறோம். பஸ் ஸ்டாப்பு அஞ்சு நிமிசம்னார். அது அவர் பைக்கில் போற கணக்கு. சுடுகாடு அதைவிடப் பக்கம். அந்த வசதியை மட்டும் சொல்ல மறந்துட்டார்.

உங்கம்மா எதையும் காதில் வாங்கல. நேரா சமையல்கட்டுக்குப் போனா. அங்கே மேற்குப் பாத்து ஒரு பெரிய சன்னல். பாலக்காட்டுப் பக்கமிருந்து காத்து நேரா அடுப்பு மேடைக்கு வந்தது. நாம வாடகைக்கு இருந்த லைன் வீட்டில் சமையல்கட்டுக்குச் சன்னலே கிடையாது. மிளகாய் தாளிச்சா நீங்க ரெண்டு பேரும் இருமுவீங்க, அவ முந்தானையில் மூக்கைப் பொத்திக்கிட்டே கிளறுவா. இங்கே நின்னு, "ஏனுங்க, எனக்கு இது போதுமுங்க"ன்னா. வேறெதுவும் அவ கேக்கல.

பால் காய்ச்சறதுக்கு முன்னாடி, சொந்தக்காரங்க சொன்னாங்கன்னு வாஸ்துக்காரரைக் கூப்பிட்டேன். எப்படியும் எதையாவது இடிக்கச் சொல்வார்னு கொத்தனாரையும் கையோட வரச் சொல்லியாச்சு. நம்ம பக்கத்து வழக்கம் அது.

வாஸ்துக்காரர் வாசல்லயே சிரிச்சார். "இது நமக்குத் தெரிஞ்ச ஊடுதானுங்க." சுவத்தில் கதவளவு பூசி அடைச்ச மூணு இடத்தைத் தட்டிக் காட்டினார். "மூணு ஓனருக்கும் நாந்தானுங்க வாசல் மாத்திக் குடுத்தேன்."

அப்புறம் சமையல்கட்டுக்குள் போய்த் திடுக்கிட்டு நின்னார். "கன்னி மூலையில சன்னலுங்களா! வர்ற செல்வமெல்லாம் இப்படியே ஓடிருமுங்க. அடைச்சுப்போடுங்க. அம்மணிக்கு வேணும்னா ஒரு ஃபேன் மாட்டிக்கலாம்."

நான் தலையாட்டிட்டேன். வெளியே கொத்தனார் செங்கல்லை நனைக்க ஆரம்பிச்சார். உங்கம்மா சன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னா.

"ஏனுங்க, நீங்க வாசல் மாத்திக் குடுத்தவங்க யாருமே இப்ப இங்க இல்லீங்களே?"

"அவங்கெல்லாம் முன்னேறிப் போயிட்டாங்க அம்மணி."

"நாங்க முன்னேற வேண்டாமுங்க. இங்கேயே குடியிருந்துக்கறோமுங்க. சன்னல் இருக்கட்டுமுங்க."

நம்ம ஊரில் அறையறதுன்னாலும் 'ங்க' போட்டுத்தான் அறைவாங்க.

கொத்தனார் என்னைப் பாத்தார். நான் வாஸ்துக்காரரைப் பாத்தேன். அவர் சளைக்கல. பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்து, "அப்ப இதையாச்சும் சன்னலுக்கு நேரா மாட்டிப்போடுங்க, தோசம் திரும்பிப் போயிரும்"னார். மாட்டினோம். தோசம் போச்சோ இல்லையோ, காலையில் உங்கம்மா அதில் பாத்துத்தான் பொட்டு வெச்சுக்கறா. சன்னலை மட்டும் அவ மழைக்குக்கூடச் சாத்தறதில்லை.